கைபேசிக்குப் போகிற எக்ஸ்எம்எல் வழியில் ஏன் உடைகிறது?

கேள்வி

திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கிறேன். எல்லாருடைய கணக்கும் டேலியில்தான் இருக்கிறது. லைனுக்குப் போகிற பையன்களின் ஆண்ட்ராய்டு போனுக்கும், குடோனில் இருக்கும் பழைய பார்கோடு கருவிக்கும், கடைவாரியான பாக்கியையும் சரக்கு இருப்பையும் எக்ஸ்எம்எல்லாக அனுப்ப ஒரு வெப் சர்வீஸ் ஓடுகிறது. எனக்கு முன்பு இருந்தவர் ஏஎஸ்பி டாட் நெட்டில், ஏஎஸ்எம்எக்ஸ் முறையில் எழுதியது. இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தொல்லை இதுதான்:

பதில் முழுவதும் 'ஸ்ட்ரிங்' என்கிற ஒரு டேக்குக்குள் அடைபட்டு வருகிறது. உள்ளே '<' இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் '&எல்டி;' என்று இருக்கிறது. ரீப்ளேஸ் போட்டுச் சரி செய்தேன். பிறகு 'அண்ணன் & தம்பி' என்கிற மாதிரிக் கடைப் பெயர்களில் '&ஏஎம்பி;' என்று பில்லில் அச்சானது. அதையும் வெறும் '&' ஆக மாற்றினேன். அன்று முதல் அந்தக் கடைகளுக்கு விவரமே வருவதில்லை.

டேலியில் தமிழில் பதிந்த கடைப் பெயர்கள் எல்லாப் போனிலும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. நானே சர்வீஸில் சேர்க்கிற ஊர்ப் பெயர் மற்றப் போன்களில் சரியாக வந்தாலும், பழைய போன் ஒன்றில் மட்டும் தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகிறது. குடோன் கருவியோ 'யூனிகோடுக்கு மாற முடியாது' என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

சில நாள் எல்லாமே நின்று, 'செல்லாத எழுத்து' என்று பிழை வருகிறது. பிரவுசரில் திறந்தால் நன்றாகத்தான் தெரிகிறது. பேசாமல் ஜேசனுக்கு மாறிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மாறிவிடலாமா?

– வாசகர், திருவேங்கடம், தென்காசி மாவட்டம்

பதில்

நான்கு கோளாறுகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டு அடுத்த கோளாறைக் கிளப்பியிருக்கிறது. நான்குக்கும் வேர் ஒன்றுதான்: எக்ஸ்எம்எல்லை வெறும் எழுத்துச் சரமாக நினைத்துக் கையாள்வது. அது ஓர் ஆவணம். அதை உருவாக்குவதற்கு ஓர் எழுதி, பிரிப்பதற்கு ஒரு பார்சர், அனுப்புவதற்கு ஒரு ஹெட்டர் என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிய ஆள் உண்டு. நடுவில் ரீப்ளேஸுக்கு வேலையே கிடையாது.

ஒரு பதில் சரியாகப் போய்ச் சேர வேண்டுமானால் மூன்று இடங்கள் ஒரே பேச்சைப் பேச வேண்டும். ஒன்று, எச்டிடிபி ஹெட்டரில் இருக்கும் கன்டென்ட்-டைப். இரண்டு, ஆவணத்தின் முதல் வரியில் இருக்கும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு. மூன்று, உண்மையில் கம்பியில் போகிற பைட்டுகள். 600 பெட்டி கொண்ட பண்டலின் மேல் ஒட்டிய லேபிள், உள்ளே பெட்டியில் அச்சான பிராண்ட், பெட்டிக்குள் இருக்கும் குச்சி மூன்றும் ஒரே சரக்காக இருந்தால்தானே வாங்குகிறவன் வாங்குவான்? கருவியும் அப்படித்தான். உங்கள் சர்வீஸில் மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரிங் டேக் எங்கிருந்து வந்தது?

2002-இல் டாட் நெட்டின் முதல் பதிப்போடு வந்தது ஏஎஸ்எம்எக்ஸ். நிரலர் ஒரு ஃபங்ஷனை எழுதினால் போதும், அது திருப்பித் தரும் மதிப்பை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும். உங்களுக்கு முன்பு இருந்தவர் அந்த ஃபங்ஷனின் விடை வகையை 'ஸ்ட்ரிங்' என்று அறிவித்திருக்கிறார். எனவே சர்வீஸ் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டு, 'ஸ்ட்ரிங்' என்ற டேக்கில் பொதிந்து அனுப்புகிறது. தகவலுக்குள் '<' வந்தால் அது டேக்கின் தொடக்கமாகத் தவறாகப் படிக்கப்படும் என்பதால் அதை மாற்றி எழுதிவிடுகிறது. சர்வீஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நாம் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு எழுத்து என்று அறிவித்ததுதான் தப்பு.

அடுத்து, அந்த '&' விவகாரம். எக்ஸ்எம்எல்லுக்குள் '&' என்ற குறியைத் தனியாக எழுதக் கூடாது, '&ஏஎம்பி;' என்றுதான் எழுத வேண்டும். உங்கள் உள் ஆவணத்தில் கடைப் பெயர் அப்படித்தான் ஒழுங்காக இருந்திருக்கும். வெளிப் பொதிவு வந்தபோது அதிலிருந்த '&' மறுபடியும் மாற்றப்பட்டு, '&ஏஎம்பி;ஏஎம்பி;' என்று இரட்டை அடுக்காயிற்று. முதல் ரீப்ளேஸ் '<' குறிகளை மட்டும் மீட்டதால் இந்த இரட்டை அடுக்கு அப்படியே நின்றது; பார்சர் ஓர் அடுக்கை உரித்ததும் மிஞ்சிய அடுக்கு பில்லில் அச்சானது. இரண்டாவது ரீப்ளேஸ் இரண்டு அடுக்கையும் சேர்த்து உரித்துவிட்டது. உள் ஆவணத்தில் நிற்க வேண்டிய ஓர் அடுக்கும் போய்விட்டதால் ஆவணமே செல்லாததாகிவிட்டது. பார்சர் அந்த இடத்தில் நின்றுவிடும். எக்ஸ்எம்எல் 1.0 தரத்தை டபிள்யூ3சி 1998 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டபோதே இந்தக் கண்டிப்பை வைத்துத்தான் வெளியிட்டது. எச்டிஎம்எல் பக்கத்தில் பிழை இருந்தால் பிரவுசர் ஏதோ ஊகித்துக் காட்டும். எக்ஸ்எம்எல்லில் ஊகத்துக்கு இடமில்லை. பாக்கித் தொகையை ஊகித்துக் காட்டுகிற பார்சர் யாருக்கு வேண்டும்?

தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு. ஏஎஸ்எம்எக்ஸையே வைத்துக்கொள்வதானால், விடை வகையை 'ஸ்ட்ரிங்' என்பதிலிருந்து 'எக்ஸ்எம்எல் டாக்குமென்ட்' என்று மாற்றுங்கள். சாதாரண கெட், போஸ்ட் அழைப்புகளுக்கு ஆவணம் பொதிவு இல்லாமல் நேராகப் போகும். சோப் முறையில் அழைக்கிற கருவிக்கு மட்டும் சோப் உறை இருக்கும், அது அந்த முறையின் இயல்பு. இரண்டாவது வழி, வெறும் எக்ஸ்எம்எல் மட்டும் போதும் என்றால் ஏஎஸ்எம்எக்ஸை விட்டுவிட்டு ஏஎஸ்எச்எக்ஸ் ஹேண்ட்லர் ஒன்றை எழுதுவது. ஹெட்டரை நீங்களே வைத்து, பைட்டுகளை நீங்களே ரெஸ்பான்ஸில் எழுதலாம். நடுவே யாரும் கை வைக்க மாட்டார்கள். உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது வழி, புதிய ஏஎஸ்பி டாட் நெட் கோருக்கு மாறுவது. அங்கே ஏஎஸ்எம்எக்ஸ் கிடையாது. 'கன்டென்ட் ரிசல்ட்' என்ற விடை வகையில் ஆவணத்தையும் 'அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்' என்ற வகைப் பெயரையும் யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். வெறும் ஸ்ட்ரிங்கைத் திருப்பினால் அது 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' என்று போய்விடும்.

வேறு மொழிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பள்ளம் வெவ்வேறு வடிவில் இருக்கிறது. டபிள்யூசிஎஃப்பில் ஸ்ட்ரிங்கைத் திருப்பினால் அதே பொதிவு வரும், 'ஸ்ட்ரீம்' என்று திருப்ப வேண்டும். ஃபிளாஸ்க்கிலும் ஜாங்கோவிலும் வகைப் பெயரைச் சொல்லாவிட்டால் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று போகும். பிஎச்பியில் வேறு விதம்: இன்க்ளூட் செய்த ஏதோ ஒரு ஃபைலின் முடிவில் ஒரு வெற்று வரி இருந்தால், அது எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அறிவிப்பு ஆவணத்தின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு வெற்றிடம் முன்னால் வந்தாலும் பார்சர் மறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய முகவரியை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பொதிவை எதிர்பார்த்து எழுதிய ஆப் பையன்களின் போனில் இன்னும் இருக்கும். புதிய முகவரி ஒன்றைத் திறந்து, எல்லாப் போனும் புதிய ஆப்புக்கு வந்த பிறகு பழையதை மூடுங்கள்.

கேள்விக்குறியும் கொம்பெழுத்தும் ஒரே நோயல்ல

தமிழ் கெட்டுப்போய் வருவதில் மூன்று வகை உண்டு. பார்த்தவுடன் எங்கே கெட்டது என்று சொல்லிவிடலாம்.

கேள்விக்குறி வந்தால், எழுதுகிற இடத்திலேயே தமிழ் தொலைந்துவிட்டது. தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத ஒரு என்கோடிங்கில் எழுதச் சொன்னதால், எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு '?' போட்டுவிட்டது. பிறகு என்ன செய்தாலும் மீட்க முடியாது. கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், பைட்டுகள் பத்திரமாக வந்திருக்கின்றன, படிக்கிறவன் வேறு என்கோடிங் என்று நினைத்துப் படிக்கிறான். இதை மீட்கலாம். வெறும் கட்டங்கள் வந்தால், எழுத்தும் சரி, படிப்பும் சரி, அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். டேலியிலிருந்து வரும் கடைப் பெயர் எல்லாப் போனிலும் கேள்விக்குறி என்றால், போனுக்குப் போவதற்கு முன்பே, டேலிக்கும் உங்கள் சர்வீஸுக்கும் நடுவிலேயே அது தொலைந்திருக்கிறது. டேலி வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளைக் கேட்டுப் பதில் சொல்கிறது. நீங்கள் எந்த என்கோடிங்கில் கேட்கிறீர்களோ அதை ஒட்டியே அதன் பதிலும் வரும். கோரிக்கையின் கன்டென்ட்-டைப்பில் 'சார்செட்' யுடிஎஃப்-16 என்று சொல்லி, கோரிக்கையையும் உண்மையிலேயே யுடிஎஃப்-16 பைட்டுகளாக அனுப்புங்கள். தமிழ்ப் பெயர்கள் முழுசாக வரும். வந்ததை உங்கள் சர்வீஸில் பார்ஸ் செய்து, போனுக்கு யுடிஎஃப்-8 ஆக எழுதுங்கள்.

ஊர்ப் பெயர் பழைய போன் ஒன்றில் மட்டும் கெடுகிறது என்றால் குற்றம் ஹெட்டரில் இருக்கிறது. நீங்கள் 'சார்செட்' சொல்லவில்லை. புதிய நூலகங்கள் யுடிஎஃப்-8 என்று தாமாக எடுத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் புழங்கிய அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட், ஹெட்டரில் ஒன்றும் சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொண்டு ஸ்ட்ரிங்காக மாற்றிவிடும். தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் பிளந்துவிடும். ஜாவாவின் ஸ்பிரிங்கிலும் இதே என்கோடிங்தான் பழைய வழக்கம். அங்கே அது எழுதுகிற பக்கம் என்பதால் கேள்விக்குறி வரும்.

இதில் தரங்களே ஒரு காலம் குழம்பியிருந்தன. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3023, 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று அனுப்பி சார்செட் சொல்லாவிட்டால் அதை அமெரிக்க ஆஸ்கி என்றே கொள்ள வேண்டும், ஆவணத்தின் முதல் வரி என்ன சொன்னாலும் பொருட்டில்லை என்றது. தமிழ் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7303 அதை மாற்றியது. இப்போது ஆவணத்தின் தொடக்கத்தில் பைட்டுகளின் வரிசையைச் சொல்லும் பிஓஎம் குறிக்கு முதல் மரியாதை, அடுத்து ஹெட்டர், கடைசியில் அறிவிப்பு வரி. ஆனால் உங்கள் பழைய கருவிகள் பழைய சட்டத்தில் வளர்ந்தவை. அதனால் 'அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்; சார்செட்=யுடிஎஃப்-8' என்று ஒவ்வொரு பதிலிலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆப் பக்கமும் ஒரு திருத்தம் வேண்டும். வந்த பைட்டுகளை முதலில் ஸ்ட்ரிங்காக மாற்றி, அப்புறம் பார்சரிடம் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டின் எக்ஸ்எம்எல் புல் பார்சரிடம் ஸ்ட்ரீமை நேரடியாகக் கொடுத்து, என்கோடிங் இடத்தில் 'நல்' என்று விட்டால், அறிவிப்பு வரியைப் பார்த்து அதுவே கண்டுகொள்ளும்.

குடோன் கருவி ஏன் நிற்கிறது?

டாட் நெட்டில் ஆவணத்தை 'ஸ்ட்ரிங்ரைட்டர்' என்பதில் எழுதியிருப்பார்கள். டாட் நெட்டின் ஸ்ட்ரிங் உள்ளுக்குள் யுடிஎஃப்-16. ஆகவே ஸ்ட்ரிங்ரைட்டர் முதல் வரியில் 'என்கோடிங் யுடிஎஃப்-16' என்று எழுதிவிடும். ஆனால் கம்பியில் போகும்போது அது யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாறிப் போகிறது. தளர்வான பார்சர்கள் ஹெட்டரை நம்பிக் கடந்து போய்விடும். உங்கள் பார்கோடு கருவி முதல் வரியை நம்பி, யுடிஎஃப்-16-க்கு மாறப் பார்த்து, அதற்குரிய பிஓஎம் இல்லை என்று நின்றுவிடுகிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது.

'மெமரிஸ்ட்ரீம்' ஒன்றில் 'எக்ஸ்எம்எல்ரைட்டர்' கொண்டு எழுதுங்கள். அமைப்பில் யுடிஎஃப்-8 என்று சொல்லும்போது பிஓஎம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யுடிஎஃப்-8-இல் பிஓஎம் இருப்பது தப்பில்லை. ஆனால் அந்த மூன்று பைட்டைத் தாங்காத பழைய கருவிகள் உண்டு.

இதோடு ஒட்டியது நீளக் கணக்கு. 'திருவேங்கடம்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12 குறிகள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36 பைட். கன்டென்ட்-லெங்த் ஹெட்டரில் ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் போட்டு 12 என்று சொன்னால், கருவி 12 பைட்டோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும். 'திரு' மட்டும் வரும், வேங்கடம் வராது. முழு ஆவணத்தில் இது நடந்தால் கடைசி டேக்குகள் வெட்டுப்பட்டு, 'ஆவணம் பாதியில் முடிந்தது' என்று பிழை வரும். ஆங்கிலத் தரவில் சோதித்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ஓர் எழுத்து ஒரு பைட். நீளத்தைக் கையால் போடாமல் ஃபிரேம்வொர்க்கிடம் விட்டுவிடுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் பைட் வரிசையின் நீளத்தைப் போடுங்கள்.

பில் அச்சிடும் சின்னத் தெர்மல் பிரின்டருக்கும் தமிழ் போகிறது என்றால் இன்னொரு வார்த்தை. அந்த வகைப் பிரின்டர் பலவற்றின் எழுத்துப் பட்டியலில் தமிழ் கிடையாது. எக்ஸ்எம்எல் எவ்வளவு சரியாக வந்தாலும் அங்கே தமிழ் உடையும். போனிலேயே வரியைப் படமாக வரைந்து படமாக அனுப்புவதுதான் வழி.

'செல்லாத எழுத்து' எப்போதாவது மட்டும் வருவது ஏன்?

டேலியோடு பழகிய எல்லாரும் ஒரு நாள் இதில் முட்டியிருப்பார்கள். 'நாட் அப்ளிகபிள்', 'ப்ரைமரி' மாதிரித் தனக்கே உரிய சில மதிப்புகளுக்கு முன்னால் டேலி '&#4;' என்ற அடையாளத்தை வைத்து அனுப்புகிறது. அது கட்டுப்பாட்டு எழுத்து எண் 4. எக்ஸ்எம்எல் 1.0-இல் 32-க்குக் கீழே உள்ள எழுத்துகளில் 9, 10, 13 மூன்றுக்கு மட்டுமே அனுமதி. அவை டேப், வரி மாற்றம், ரிட்டர்ன். மற்றவற்றை நேராகவும் எழுதக் கூடாது, '&#' போட்டு எண்ணாகவும் எழுதக் கூடாது. நீங்கள் டேலியின் பதிலை அப்படியே போனுக்குத் தள்ளிவிடுகிற நாளில், அந்தப் பட்டியலில் இப்படி ஒரு மதிப்பு இருந்தால் எல்லாம் நிற்கும். இல்லாவிட்டால் ஓடும். எப்போதாவது மட்டும் வருவதன் ரகசியம் இதுதான்.

இங்கும் ரீப்ளேஸைத் தேடாதீர்கள். டேலியின் பதிலைப் படிக்கிற 'எக்ஸ்எம்எல்ரீடர்' அமைப்பில் 'செக் கேரக்டர்ஸ்' என்பதை அணைத்தால், அந்த எழுத்தைப் பிழை சொல்லாமல் உள்ளே விடும். உள்ளே வந்த மதிப்புகளில் கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குங்கள். போனுக்கு எழுதும்போது அதே சோதனை இயங்கட்டும். வருகிற வாசலில் தளர்வு, போகிற வாசலில் கண்டிப்பு. டேலிக்கே திருப்பி எழுத வேண்டிய மதிப்பாக இருந்தால் மட்டும் மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அந்த அடையாளத்தை அது எதிர்பார்க்கும்.

இதை ஒட்டி ஒன்று: டேலியின் 9000 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உங்கள் சர்வீஸ் நடுவில் நின்று, ஆளைச் சரிபார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.

பிழையையும் ஒழுங்காகச் சொல்லுங்கள்

உள்ளே ஏதாவது தவறினால் ஏஎஸ்பி டாட் நெட் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பும். எக்ஸ்எம்எல்லை எதிர்பார்க்கும் ஆப் அதையும் பார்ஸ் செய்யப் பார்த்து, சம்பந்தமில்லாத ஒரு பிழையைக் காட்டும். பையன் உங்களுக்குப் போன் போட்டு 'எக்ஸ்எம்எல் எரர்' என்பான். உண்மையில் டேலி அணைந்து கிடக்கும். எனவே பிழை நேர்ந்தால் அதற்குரிய எச்டிடிபி நிலை எண்ணோடு, ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஆவணமாகவே காரணத்தைச் சொல்லுங்கள்: <பிழை><காரணம்>டேலி திறந்திருக்கவில்லை</காரணம்></பிழை> என்பது போல. டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். எக்ஸ்எம்எல் அதை 1998 முதலே அனுமதிக்கிறது. உங்கள் ஆப்புக்கும் சர்வீஸுக்கும் நடுவே மட்டும் என்றால் தாராளமாக வைக்கலாம்.

ஆப் பக்கமும், பார்ஸ் செய்வதற்கு முன்பு நிலை எண்ணையும் கன்டென்ட்-டைப்பையும் பார்க்க வேண்டும். லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு வைஃபைகள் லாகின் பக்கத்தை 200 என்ற நல்ல நிலை எண்ணோடே அனுப்பிவிடும். வகைப் பெயர் எச்டிஎம்எல் என்று இருந்தால் பார்சரிடம் கொடுக்காமல், 'நெட்வொர்க்கைப் பாருங்கள்' என்று சொல்லட்டும்.

பிரவுசரை நம்பாதீர்கள்

பிரவுசரில் நன்றாகத் தெரிவது சாட்சியாகாது. மாற்றி எழுதிய குறிகளைத் திருப்பிக் காட்டும், வரிகளைத் தானே அடுக்கும், என்கோடிங்கைத் தானே ஊகிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் மறைத்துவிட்டு அழகான படத்தைக் காட்டும். கட்டளை வரியில் 'கர்ல்' கொண்டு ஹெட்டரோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள். பைட்டுகளை ஹெக்ஸில் பாருங்கள். 3சி 3எஃப் என்று தொடங்கினால் அது '<?', சரியான தொடக்கம். இஎஃப் பிபி பிஎஃப் என்று தொடங்கினால் யுடிஎஃப்-8 பிஓஎம். எஃப்எஃப் எஃப்இ என்றால் யுடிஎஃப்-16. 0டி 0ஏ அல்லது 20 என்றால் முன்னால் வெற்று வரியோ வெற்றிடமோ புகுந்திருக்கிறது. பிறகு அதே ஃபைலை 'எக்ஸ்எம்எல்லின்ட்' கருவியிடம் கொடுங்கள். அது பிழை ஒன்றும் சொல்லாவிட்டால் ஆவணம் செல்லும் என்று பொருள்.

சோதனைத் தரவையும் மாற்றுங்கள். ஆங்கிலத்தில் ஒரு கடை, தமிழில் ஒரு கடை, '&' உள்ள ஒரு கடை, '&#4;' வருகிற ஒரு கணக்குத் தலைப்பு. இந்த நான்கும் கடந்துவிட்டால் லைனில் பெரும்பாலும் தொல்லை வராது.

ஏன் இவ்வளவு கறார்?

நம் நாட்டின் பெரிய அமைப்புகள் சிலவற்றில் இந்த விஷயம் உயிர்நாடி. ஆதார் சரிபார்ப்புக்கு விரல் வைக்கிற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய ஆர்டி (ரெஜிஸ்டர்டு டிவைஸ்) சர்வீஸ், விரல்ரேகையைக் குறியாக்கம் செய்து 'பிஐடி டேட்டா' என்கிற எக்ஸ்எம்எல்லாகத் தருகிறது. கணினியில் அது அதே இயந்திரத்துக்குள் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றில் காத்திருக்கும். வாங்குகிற ஆப் அதற்குள் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மேலே அனுப்ப வேண்டும். 2016-இல் தொடங்கிய யுபிஐயிலும் வங்கிகளுக்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும் நடுவே போகிற செய்திகள் மின் கையெழுத்திட்ட எக்ஸ்எம்எல்தான். கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் டேக்குகளுக்கு நடுவே அழகுக்காக ஒரு வரி இடைவெளி சேர்த்தாலும் கையெழுத்து பொய்யாகிவிடும். சி14என் என்ற சமன்செய் முறை, பண்புகளின் வரிசையையும் மேற்கோள் குறியின் வகையையும் பொருட்படுத்தாது. ஆனால் டேக்குகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை உள்ளடக்கமாகவே எண்ணும். எனவே கையெழுத்திட்ட ஆவணம் உங்கள் கைக்கு வந்தால் அதை பார்ஸ் செய்து மறுபடி எழுதாதீர்கள். வந்த பைட்டை அப்படியே அனுப்புங்கள்.

ஜேசனுக்கு மாறலாமா?

உலகம் அந்தப் பக்கம் போயிருப்பது உண்மைதான். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் ஜேசனில் நடக்கின்றன. வருமான வரிக் கணக்குத் தாக்கல் 2021-இல் எக்ஸ்எம்எல்லை விட்டு ஜேசனுக்கு வந்தது. உங்கள் மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் சிஆர்எம் ஏபிஐ, முதல் பதிப்பில் எக்ஸ்எம்எல், ஜேசன் இரண்டிலும் பதில் தந்தது, இரண்டாம் பதிப்பில் ஜேசனோடு நிறுத்திக்கொண்டது. போனுக்குப் போகிற பாதையை நீங்களும் மாற்றலாம், ஆப் எழுதுவது எளிதாகும். ஆனால் டேலிப் பக்கம் எழுதி வைத்திருப்பது எக்ஸ்எம்எல். குடோன் கருவி புரிந்துகொள்வதும் அதைத்தான். இன்றைக்கே கை வைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமானது, உங்கள் நோய் மாறுவதால் தீராது. ஜேசனை ஸ்ட்ரிங்காகக் கட்டி, ஸ்ட்ரிங் என்று அறிவித்துத் திருப்பினால், அங்கேயும் முன்னும் பின்னும் ஒரு மேற்கோள் குறி, உள்ளே ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு என்று பொதிந்துதான் வரும். நீங்கள் மறுபடியும் ரீப்ளேஸ் போடுவீர்கள். டேலியில் கேட்கும்போதே தொலைந்த தமிழ் ஜேசனிலும் கேள்விக்குறிதான். பைட்டுக்குப் பதில் எழுத்தை எண்ணினால் அங்கேயும் வால் வெட்டுப்படும்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் எல்லா ரீப்ளேஸையும் எடுத்துவிடுங்கள். டேலியை யுடிஎஃப்-16-இல் கேளுங்கள். வந்ததைப் பார்ஸ் செய்து கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குங்கள். பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8-இல் எழுதி, ஏஎஸ்எச்எக்ஸ் ஹேண்ட்லர் வழியாக, சார்செட் சொன்ன ஹெட்டரோடு புதிய முகவரியில் அனுப்புங்கள். இது ஓடிய பிறகு அதே ஹேண்ட்லரில், கருவி 'அக்செப்ட்' ஹெட்டரில் ஜேசன் கேட்டால் ஜேசன், எக்ஸ்எம்எல் கேட்டால் எக்ஸ்எம்எல் என்று இரண்டாவது வாசல் ஒன்றைத் திறப்பது சின்ன வேலை. போன்கள் அந்த வாசலுக்கு வரட்டும், குடோன் கருவி ஆயுள் முடியும்வரை பழைய வாசலிலேயே இருக்கட்டும்.